கணக்கு யார் முன்னால் வாசிக்கப்படுகிறது?

ஆலயக் கட்டட நிதிக்கென்று ஒரு சேகரக் கமிட்டி கூடினால், பேச்சு முதலில் போவது கேட்கும் விதத்தைப் பற்றித்தான். காணிக்கைக் கவரில் என்ன அச்சடிப்பது, வரைபடத்தை எவ்வளவு பெரிய பிளக்ஸில் வைப்பது, வெளிநாட்டில் இருக்கும் நம்மூர்க்காரர்களின் வாட்ஸ்அப் எண்களை யார் திரட்டுவது, தூணுக்கு எவ்வளவு, ஜன்னலுக்கு எவ்வளவு, பெயரைக் கல்லில் வெட்டுவதா பித்தளையில் பொறிப்பதா என்று இரவு வெகுநேரம் பேச்சு நீளும். இந்த உத்திகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1905இல் வாஷிங்டனில் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்துக்காகச் சார்லஸ் வார்டும் லைமன் பியர்ஸும் சேர்ந்து நடத்திய இயக்கத்தை இன்றைய நிதி திரட்டும் தொழிலின் தொடக்கங்களுள் ஒன்றாகச் சொல்வார்கள். குறித்த நாட்களுக்குள் முடித்தே தீர வேண்டிய இலக்கு, ஒன்றோடொன்று போட்டியிடும் குழுக்கள், நாளிதழ் விளம்பரம், சேர்ந்த தொகையை ஊருக்கே காட்டும் பெரிய கடிகாரம் என அவர்கள் வளர்த்த முறையின் மிச்சம்தான் இன்று ஆலய வாசலில் நிற்கும் இலக்குப் பலகை. இவை பயனற்றவை என்று சொல்ல வரவில்லை. இவற்றுக்கு இரண்டாம் இடமே என்பதுதான் என் வாதம். ஒரு நிதிப் பிரச்சாரத்தின் குணத்தை முடிவுசெய்வது அதன் கணக்கு கடைசியில் யார் முன்னால் வாசிக்கப்படப்போகிறது என்பது. கேட்கும் அவை மாறினால் சொல்லப்படும் கதை மாறுகிறது. கதை மாறினால் பணம் போகும் திசையும் மாறிவிடுகிறது. இதைச் சோதித்துப் பார்க்கத் தரங்கம்பாடியை விடப் பொருத்தமான இடம் கிடைக்காது. அங்கே போவதற்கு முன் ஜெர்மனியில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும்.

உத்திதான் எல்லாம் என்றால், திருச்சபை வரலாற்றிலேயே சிறந்த நிதிப் பிரச்சாரம் 1517இல் ஜெர்மனியில் நடந்ததுதான். ரோமில் புனித பேதுரு பேராலயத்துக்கு இரண்டாம் ஜூலியஸ் 1506இல் அடிக்கல் நாட்டினார். அவருக்குப் பின் வந்த பத்தாம் லியோ 1515இல் அந்தக் கட்டுமானத்துக்கென்று பாவமன்னிப்புச் சீட்டு விற்பனைக்கு அனுமதி தந்தார். மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட் தம் போதகர்களுக்குக் கொடுத்த கையேட்டில் ஆளுக்கு ஏற்ற கட்டணப் பட்டியலே இருந்தது. அரசர்களுக்கும் பேராயர்களுக்கும் 25 பொன் கில்டர், அடுத்த நிலைப் பிரபுக்களுக்கு 10, வணிகர்களுக்கு 3, கைவினைஞர்களுக்கு 1. ஒன்றுமில்லாதவர்கள் ஜெபமும் உபவாசமும் செய்தால் போதும். கொடுப்பவரின் வசதி பார்த்துத் தொகை, ஊர் ஊராகப் போகும் குழு, டெட்செல் போன்ற தேர்ந்த பேச்சாளர், கண் முன்னால் ஒரு மாபெரும் கட்டடத்தின் கனவு. இன்றைய ஆலோசகர் ஒருவர் இதில் குறை காண்பது கடினம். ஆனால் வசூலில் ஏறத்தாழப் பாதி பேதுரு ஆலயத்துக்குப் போகவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட மறைமாவட்டங்களை ஒருவரே வைத்துக்கொள்ள ரோமின் அனுமதி வேண்டியிருந்தது. அதற்காக ஆல்பிரெக்ட் ஃபுக்கர் வங்கியில் வாங்கிய கடனை அந்தப் பாதி அடைத்தது. உண்டியலோடு வங்கியின் ஆட்களும் பயணம் செய்தார்கள். கணக்கு வங்கிக்கு ஒப்படைக்கப்பட்டது; ஒரு கில்டர் போட்ட தச்சனுக்கு அது வாசிக்கப்படவே இல்லை. லூதரின் 95 கூற்றுகளில் 86ஆவது, பெருஞ்செல்வரான போப் ஏழை விசுவாசிகளின் காசுக்குப் பதிலாகத் தம் பணத்தில் ஏன் அந்த ஆலயத்தைக் கட்டக் கூடாது என்று சாமானிய மக்கள் கேட்பதாகச் சொல்கிறது. கடன் ஒப்பந்தத்தின் விவரம் அப்போது லூதருக்குத் தெரியாது. கணக்குச் சொல்லப்படாத இடத்தில் சந்தேகம் எழுவதற்கு விவரம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஆல்பிரெக்ட் விரும்பித் தங்கிய ஹாலே நகரத்தின் ஓரத்தில்தான், ஏறத்தாழ 180 ஆண்டுகள் கழித்து, நேரெதிரான ஒரு முறை பிறந்தது. 1695இல் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கெ என்ற போதகரின் வீட்டுத் தர்மப் பெட்டியில் யாரோ 4 தாலரும் 16 குரோஷனும் போட்டார்கள். இது ஒரு மூலதனம் என்று சொல்லிப் புத்தகம் வாங்கி, ஒரு மாணவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார் அவர். 1698இல் அநாதை விடுதிக்கு அடிக்கல். 1727இல் அவர் இறந்தபோது அவருடைய பள்ளிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். இடையில் மருந்தகம், அச்சகம், புத்தகக் கடை எல்லாம் வந்துவிட்டன. ஹாலே மருந்துகள் வெகுதூரம் விலைபோயின. ஃபிராங்கெயின் முறையில் கவனிக்க வேண்டியது, அவர் கேட்டதை விட அதிகமாக அறிவித்தார் என்பது. கையில் காசில்லாமல் காரியஸ்தர் வந்து நின்றது, ஜெபித்தது, அன்றைக்கே ஒரு கடிதத்தோடு பணம் வந்து சேர்ந்தது என இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளை வரிசையாக எழுதி 1701இல் நூலாக வெளியிட்டார். கேட்காமல் கேட்பதில் இதை மிஞ்ச முடியாது. தேவன் தந்தார் என்று அச்சிட்டுச் சொன்னால், அடுத்து தேவன் கையில் கருவியாக இருக்க ஆயிரம் பேர் முன்வருகிறார்கள். பின்னாளில் ஹாலேயில் படித்த ஜார்ஜ் முல்லர் பிரிஸ்டலில் இதே வழியைப் பிடித்தார். யாரிடமும் நேரே கையேந்தாமல் அநாதை இல்லத்தின் அறிக்கையை மட்டும் விடாமல் அச்சிட்டு வந்தார். தமிழ்நாட்டு மிஷனரி இயக்கங்களில் இன்றும் கேட்கும் ‘ஜெபத் தேவைகள்’ என்ற பத்திக்கு மூதாதை அங்கேதான் இருக்கிறார்.

1706 ஜூலை 9 அன்று மிஷனரிகளான சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவர்களை அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரடெரிக். ஆனால் அவர்களுடைய கடிதங்களைப் பொதுமக்களுக்கான வாசிப்பாக மாற்றியது ஹாலேதான். 1710 முதல் அவை தொகுதி தொகுதியாக அச்சாயின. ‘ஹாலே அறிக்கைகள்’ என்று பெயர்பெற்ற அந்த வரிசை 1772 வரை 108 பகுதிகளாக நீண்டது. ஒரு புராட்டஸ்டன்ட் மிஷன் தன்னை ஆதரிப்பவர்களுக்காகத் தொடர்ந்து வெளியிட்ட பருவ இதழ் என்ற வகையில் இது முன்னோடி. லண்டனில் அரண்மனைப் போதகராக இருந்த பேமே இந்தக் கடிதங்களை ஆங்கிலமாக்கி 1709இலேயே வெளியிட்டார், எஸ்.பி.சி.கே. சங்கம் அதைப் படித்துவிட்டுத்தான் ஓர் அச்சு இயந்திரத்தையே கப்பலேற்றியது. ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர, அவற்றிலிருந்து புதிய ஏற்பாட்டின் அச்சுப் பணி தொடங்கியது. இங்கிலாந்தின் எப்வர்த் என்ற சிற்றூரில் சுசன்னா வெஸ்லி தரங்கம்பாடிச் செய்தியைப் படித்து மனம் கிளர்ந்ததாகத் தம் கணவருக்கு எழுதியிருக்கிறார். அவர் மகன் ஜானுக்கு அப்போது வயது எட்டோ ஒன்பதோதான். கொடுத்த பணம் என்ன ஆனது என்பதை ஒழுங்காகச் சொன்னதால், அடுத்த பணமும் காகிதமும் அச்சு இயந்திரமும் வந்தன. ஆல்பிரெக்டின் உண்டியலில் இல்லாத ஏதோ ஒன்று ஹாலேயில் இருந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இங்கேயே நிறுத்திவிட்டால் இது வெற்றிக் கதையாக முடியும். நிதி திரட்டல் பற்றிய கையேடுகள் பெரும்பாலும் இங்கேதான் நிறுத்துகின்றன. ஆனால் இந்தக் கணக்கு வாசிக்கப்பட்ட அவை கடலுக்கு அப்பால் இருந்தது. அந்த அவைக்கு எது பிடிக்கும் என்பதை ஹாலேயில் இருந்தவர்கள் தீர்மானித்தார்கள். கடிதங்கள் திருத்தப்பட்ட பிறகே அச்சேறின. 1713இல் சீகன்பால்கு தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிய தம் பெரிய ஆய்வை ஜெர்மனிக்கு அனுப்பினார். கிராம தெய்வங்கள், வழிபாட்டு முறைகள், தமிழ் நூல்கள் என்று அவர் நேரில் கேட்டும் படித்தும் தொகுத்த செல்வம் அது. மிஷனரிகளை அனுப்பியது புறமதத்தை ஒழிப்பதற்கு, அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதற்கு இல்லை என்ற நிலையை ஃபிராங்கெ எடுத்தார். கையெழுத்துப்படி கிடப்பில் போனது. 154 ஆண்டுகள் கழித்து, 1867இல், ஜெர்மன் என்ற அறிஞர் அதைச் சென்னையில் பதிப்பித்தார். ஃபிராங்கெயை இதற்காகத் திட்டுவது சுலபம். அவர் செய்தது, தம் வாசகர்களின் மனத்தை அறிந்த எந்த நிதி திரட்டுபவரும் செய்யக்கூடியதே. இருளில் கிடக்கும் மக்களுக்கு வெளிச்சம் கொண்டுபோகிறோம் என்ற கதைக்குப் பணம் தருபவரிடம், அங்கே ஏற்கெனவே விளக்குகள் எரிகின்றன என்று எழுதினால் அவர் பையைத் திறக்க யோசிப்பார்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ஹாலே தமிழர் குரலை முழுக்க மூடிவிடவில்லையே, தமிழர்களே எழுதிய கடிதங்கள் 1714இலும் 1717இலும் அதே வரிசையில் மொழிபெயர்ப்பாக வரவில்லையா? வந்தன, அவை அரிய ஆவணங்கள் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் அவை குறிப்புகள் சேர்க்கப்பட்டு, ‘இதற்கு நம் பதில் இது’ என்ற சட்டத்துக்குள் வைத்துத் தரப்பட்டன. தமிழர் பேசினார்கள், பேச்சை எங்கே வெட்டுவது என்பது வேறொருவர் கையில் இருந்தது. எழுதியவர்கள் அந்த அச்சுப் பிரதியைப் பார்த்து ‘நான் சொன்னது இதுதான்’ என்றோ ‘இது இல்லை’ என்றோ சொல்ல ஒரு வழியும் கிடையாது.

தொலைவில் இருக்கும் அவை ஒன்றாகவும் இருப்பதில்லை. கோபன்ஹேகனில் 1714இல் அமைந்த மிஷன் கழகத்தின் செயலர் வென்ட், அப்போஸ்தலர்களைப் போல மிஷனரி கையில் ஒன்றுமில்லாமல் திரிய வேண்டும், கல்லும் சுண்ணாம்பும் எதற்கு என்ற கருத்துடையவர். ஹாலேக்குப் பள்ளிகளும் அச்சகமும் வளர வேண்டும். கோபன்ஹேகன் அலுவலகத்துக்கோ செலவே பாவம். 1717இல் அடிக்கல் நாட்டி 1718இல் முடித்த புதிய எருசலேம் ஆலயம் இந்த இழுபறியின் நடுவில் எழுந்தது. வென்ட் எழுதிய கடுமையான கடிதம் சீகன்பால்கு நோயில் விழுந்திருந்த காலத்தில் வந்து சேர்ந்தது. 1719 பிப்ரவரி 23 அன்று 36 வயதில் அவர் இறந்தார். அந்த ஆலயத்தின் முகப்பை இன்றும் நின்று பார்க்கலாம். வாசலுக்கு மேலே உயரத்தில் கிரீடம், அதன்கீழ் டென்மார்க் அரசரின் பெயரெழுத்துச் சின்னம், 1718 என்ற ஆண்டு. உள்ளே உட்கார்ந்து தமிழில் பாடியவர்களின் பெயர் ஒன்றும் அந்த முகப்பில் இல்லை. இருக்க வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றியிருக்காது. கணக்குப் போகும் முகவரியைத்தான் முகப்பு சொல்கிறது. தெற்கே போனால் முகப்பைத் தாண்டி ஊர்ப் பெயருக்கே இது ஏறிவிட்டது. திருநெல்வேலிச் சீமையில் ரேனியஸ் என்ற மிஷனரியின் காலத்தில் உதவிய பிரஷ்யப் பிரபு டோனாவின் பெயரில் டோனாவூர், நிலம் வாங்கப் பணம் தந்த வணிகர் சாயரின் பெயரில் சாயர்புரம்.

ஆனால் அதே ரேனியஸ்தான் 1830இல் தர்மச் சங்கத்தையும் தொடங்கினார். கிறிஸ்தவர்களானதால் வீடு வாசல் இழந்தவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியேற்ற, அந்த மக்களிடமே திரட்டிய நிதி அது. பின்னர் சி.எம்.எஸ். மிஷன் சங்கத்தின் செயலராக 1841 முதல் 1872 வரை இருந்த ஹென்றி வென், சுதேச சபை தன் குருமாருக்குத் தானே சம்பளம் கொடுக்க வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தினார். லண்டன் பணத்தைப் புதிய நாடுகளுக்குத் திருப்பும் சிக்கனக் கணக்கும் அந்த வற்புறுத்தலில் இருந்தது. அதை முழுக்க உயர்ந்த நோக்கமாகக் காட்ட வேண்டியதில்லை. எனினும் அதன் விளைவு பெரிது. பனையேறிகளும் சிறு விவசாயிகளும் நிறைந்த சபைகளில் ரொக்கம் வருடம் முழுக்கப் புழங்காது. அப்படியானால் எதைக் கேட்பது, எப்போது கேட்பது, யாரைக் கேட்பது என்று யோசித்து அமைந்த வழிகளில் முதன்மையானது பிடியரிசி. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவருவது. கையில் காசே இல்லாத பெண், வீட்டில் எவர் அனுமதியும் கேட்காமல், தினமும் கொடுப்பவளாகிவிடுகிறாள். மிசோரத்தின் பிரெஸ்பிட்டேரியன் சபையும் 1910 முதல் இதே முறையைத் தன் ஊழியங்களுக்காகக் கையாண்டு வருகிறது. இது கிறிஸ்தவர்களின் தனிச்சொத்தும் இல்லை. 1889இல் தொடங்கி பின்னர் காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்யாசாலை வீட்டுக்கு வீடு வாங்கிய பிடியரிசியால் வளர்ந்தது. காஞ்சி மடத்திலும் பிடியரிசித் திட்டம் உண்டு.

பிடியரிசியோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது அறுப்பின் பண்டிகை ஏலம். ஆராதனை முடிந்ததும் பீடத்துக்கு முன்னால் வந்து குவிந்தவை வெளியே எடுக்கப்படுகின்றன: கால் கட்டிய கோழி, நாலு முட்டை, வாழைத்தார், கருப்பட்டிச் சிப்பம், ஒரு பூசணிக்காய். ஏலம் கூறுபவர் முட்டையை உயர்த்திப் பிடித்து ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ என்று இழுக்கிறார். சந்தை விலையைப் போலப் பல மடங்குக்கு, சென்னையிலிருந்தோ துபாயிலிருந்தோ விடுமுறைக்கு வந்தவர் எடுக்கிறார். எடுத்ததை மறுபடி சபைக்கே கொடுத்துவிட, அதே முட்டை மறுபடி ஏலத்துக்கு வருகிறது. வேடிக்கை போலத் தெரியும் இந்தக் காட்சிக்குள் நுட்பமான ஒரு பொருளாதாரம் இருக்கிறது. பொருள் இருப்பவரின் பொருளும் ரொக்கம் இருப்பவரின் ரொக்கமும் ஒன்றோடொன்று பொருந்தி, இரண்டு பேரின் காணிக்கையாகவும் பதிவாகின்றன. பண்டிகையின் வரவும் அசன விருந்தின் செலவும் எல்லாருக்கும் தெரியும். கோழி என்ன விலைக்குப் போனது என்பதைக் கோழியைக் கொடுத்தவளே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அறிக்கையைத் திருத்துவதற்கு இங்கே ஓர் ஆசிரியர் இல்லை.

அங்கேயே பிரச்சினையும் இருக்கிறது என்பார்கள். ஏலத்தில் பேர் சொல்லிக் கூவுவது வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்ற மத்தேயு 6ஆம் அதிகாரத்துக்கு எதிரானது. வசதியுள்ளவனின் பெருமைக்கு மேடை. சாதிக்கும் குடும்பப் பகைக்கும் பணத்தால் பதில் சொல்லும் இடம். இதில் உண்மை உண்டு. ஏலத்தை மட்டும் வைத்துக்கொண்டு பிடியரிசியை விட்டுவிட்ட சபைகளில் நடப்பது அதுதான்; கமிட்டித் தேர்தல் வரும் ஆண்டில் வாழைத்தாரின் விலை ஏறுவது யாரும் அறியாத செய்தி இல்லை. ஆனால் இரகசியக் காணிக்கைக்கும் இரகசியக் கணக்குக்கும் வித்தியாசம் உண்டு. யார் எவ்வளவு கொடுத்தார் என்பதை மறைக்கலாம். மறைப்பதே பல வேளை நல்லது. எவ்வளவு வந்தது, எங்கே போனது என்பதை மறைக்க மத்தேயுவை மேற்கோள் காட்ட இடமில்லை. கவரில் பெயர் வேண்டாம் என்ற சபையும், பொக்கிஷதாரரின் வரவு செலவை ஆராதனை முடிவில் வாசித்தாக வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளலாம்.

இதை விடக் கனமான மறுப்பு பெருந்தொகை பற்றியது. பிடியரிசியால் குருவுக்குச் சம்பளம் கொடுக்கலாம், பேராலயம் கட்ட முடியுமா? பாரிஸ் நோத்ர தாம் 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்தபோது, இரண்டொரு நாளுக்குள் அர்னோ குடும்பமும் எல்வியெம்எச் நிறுவனமும் 20 கோடி யூரோ, பினோ குடும்பம் 10 கோடி யூரோ என்று அறிவித்தார்கள். கடைசியில் ஏறத்தாழ 150 நாடுகளிலிருந்து 3,40,000 பேர் கொடுத்த மொத்தம் 84.6 கோடி யூரோ; 2024 டிசம்பரில் ஆலயம் திறந்தது. பெரும்பகுதி விரல்விட்டு எண்ணக்கூடியவர்களிடமிருந்து வந்தது என்பது உண்மை, அமெரிக்க ஆலோசகர்கள் சொல்லும் கூம்பு வடிவக் கணக்கும் அதுதான்: மேலே சிலர், கீழே பலர். ஆனால் அந்த அறிவிப்புகள் வந்த அதே வாரத்தில் பிரான்சில் எழுந்த கேள்வி வரிச்சலுகை பற்றியது. செல்வர் கொடுக்கும் தொகையில் பெரும்பங்கு வரித் தள்ளுபடியாகத் திரும்பிப் போனால், கொடுப்பது யார், செல்வரா பொதுமக்களா? பினோ குடும்பம் அந்தச் சலுகையைக் கோரப்போவதில்லை என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. பிரெஞ்சு நாடாளுமன்றம் இதற்கென்றே 2019 ஜூலையில் தனிச்சட்டம் இயற்றியது. அரசின் தணிக்கை மன்றம் நிதியைப் பரிசோதித்து அறிக்கை வெளியிட்டது. பெருந்தொகை வந்தால் கணக்கு வாசிக்கப்படும் அவையும் அதே அளவுக்கு விரிய வேண்டும் என்பதைத்தான் நோத்ர தாம் காட்டுகிறது. நம் சேகரங்கள் பலவற்றில் தொகை மட்டும் கோடியில் போகிறது, அவை பழைய கமிட்டி அறையைத் தாண்டுவதில்லை.

உள்ளூர் மக்கள் முன் கணக்கு வாசித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைப்பதாகக் கொள்ள வேண்டாம். 1903 பிப்ரவரி 12 அன்று அசரியாவும் நண்பர்களும் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, ஆளும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையதாகவே இருக்கும் என்று உறுதிசெய்தார்கள். ஐரோப்பியரின் அவை கலைந்தது, நல்லது. ஆனால் பணம் கொடுத்தது திருநெல்வேலி, அது போய்ச் சேர்ந்தது நிஜாம் சீமையின் தோர்ணக்கல். கொடுப்பவர் தமிழர், பெறுபவர் தெலுங்கர். ஹாலேயில் இருந்த அதே தொலைவு, இந்த முறை ஒரே நாட்டுக்குள். இன்று ஒடிசாவிலோ ஜார்க்கண்டிலோ வேலைசெய்யும் தமிழ் மிஷன் சங்கங்களின் மாத இதழ்களைப் புரட்டினால், அந்த ஊர் மக்கள் பெரும்பாலும் புகைப்படமாகவும் ஜெப விண்ணப்பமாகவும் வருகிறார்கள். அந்தப் புகைப்படத்தின் கீழ் என்ன எழுதலாம் என்று அவர்களிடம் கேட்கப்படுவதில்லை. வெளிநாட்டு நிதியை எடுத்துக்கொண்டால், 2020 திருத்தத்துக்குப் பின் நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது, எல்லாப் பணமும் முதலில் டெல்லி ஸ்டேட் வங்கியின் ஒரே கிளைக்கு வர வேண்டும், ஆண்டுதோறும் உள்துறை அமைச்சகத்துக்குப் படிவம் போக வேண்டும். அதனால் கணக்கு சரியாக எழுதப்படலாம்; அது எழுதப்படுவது ஓர் அலுவலருக்காக.

ஆகவே ஒரு நிதிப் பிரச்சாரத்தைத் திட்டமிடுபவர்கள் பிளக்ஸுக்கு அச்சகத்தைத் தேடும் முன்பே எழுதி வைக்க வேண்டியது ஒரு தேதியும் ஓர் இடமும். எந்த நாளில், எந்த ஊரில், எந்த மொழியில், யார் யார் உட்கார்ந்திருக்க இந்த வரவு செலவு வாசிக்கப்படும்? கட்டடம் சாயர்புரத்தில் எழுகிறதென்றால் சாயர்புரத்தில். பள்ளி ஜார்க்கண்டில் ஒரு சந்தாலி கிராமத்தில் எழுகிறதென்றால் முதலில் அந்தக் கிராமத்தில், சந்தாலியில். அங்கே யாராவது எழுந்து ‘அது அப்படி நடக்கவில்லை’ என்று சொன்னால் அந்தத் திருத்தத்தோடு, அதற்குப் பிறகு பாளையங்கோட்டையில்.